புல் ஏன் தேயுது? ஒரு கேமும் நம்ம கிரவுண்டும்

‘அனிமல் கிராசிங்’ விளையாடியிருக்கீங்களா? இல்லைன்னாலும் பரவாயில்லை, ரெண்டு வரியில சொல்லிடலாம். ஒரு சின்ன ஊர். அதில் மனுஷன் நீங்க ஒருத்தர்தான். அக்கம்பக்கம் எல்லாம் பேசுற விலங்குகள். மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், பூச்செடி வைக்கலாம், வீட்டுக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கலாம். ஜெயிக்கிறது தோற்கிறது எதுவும் கிடையாது. கேமுக்குள்ள ஓடுற கடிகாரம் நம்ம நிஜக் கடிகாரம்தான்: இங்கே ராத்திரின்னா அங்கேயும் ராத்திரி. இதை உருவாக்கிய கட்சுயா எகுச்சி, சிபாவில் இருந்த குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுட்டு நிண்டெண்டோ வேலைக்காகக் கியோட்டோ போன ஆள். அந்தத் தனிமையில் பிறந்த யோசனை இது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹாஸ்டல்வாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த வரிசையில் 2008-இல் ‘வீ’ கன்சோலுக்கு வந்த பாகத்தின் பெயர் ‘சிட்டி ஃபோக்’. அதில் யாருமே எதிர்பார்க்காத ஒரு விஷயத்தைச் சேர்த்திருந்தார்கள். நீங்கள் நடந்தால் புல் தேயும். ஒரு நாளில் தெரியாது, ஒரு வாரத்திலும் பெரிதாகத் தெரியாது. வீட்டு வாசலில் இருந்து கடைக்கு, கடையிலிருந்து ஆற்றங்கரைக்கு என்று தினமும் ஒரே வழியில் போய் வந்தால், சில வாரங்கள் கழித்து அந்த வழி பழுப்பு மண்ணாக நிற்கும். ஓடினால் இன்னும் சீக்கிரம். திரும்ப முளைக்கும்தான், ஆனால் ஆமை வேகத்தில். அந்த ஆட்டத்தை ஆசையாக ஆடியவர்கள்தான் அதிகம் அடி வாங்கினார்கள், ஏன்னா அதிகம் நடந்ததும் அவங்கதான். ஊரை அழகாக்கணும்னு தினமும் சுத்திச் சுத்தி வந்து, கடைசியில் ஊரையே பொட்டலாக்கி வைத்தவர்கள் நிறைய.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு நம்ம ஊர்ல சொல்ற விஷயத்தை ஜப்பானில் கோடிங் பண்ணி வெச்சுட்டாங்க, அவ்வளவுதான்.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஓடுவதை விட்டு நடக்கப் பழகினார்கள். வெறுந்தரையான இடத்தில் பூச்செடி வைத்தார்கள். பூ மேல் ஓடினால் பூ போய்விடும் என்பதால், பூச்செடியே ஒரு வேலி மாதிரி வேலை செய்தது. தரையில் சொந்தமாக வரைந்த டிசைன்களைக் கல் பாவியது மாதிரி வரிசையாகப் பதித்து, அதன் மேல் மட்டும் நடப்பது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அடுத்து 2012-இல் ஜப்பானில் வந்த ‘நியூ லீஃப்’ பாகத்தில் தேய்மானத்தைக் கொஞ்சம் தணித்தார்கள். 2020 மார்ச் 20 அன்று வெளியான ‘நியூ ஹொரைசன்ஸ்’ பாகத்தில் அந்தத் தொல்லையே இல்லை. எவ்வளவு ஓடினாலும் புல் பச்சையாகவே இருக்கும், பாதை வேண்டும் என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விளையாட வசதிதான். ஆனா என்னைக் கேட்டா, பழைய கேம்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சந்தேகம் இருந்தா எந்த காலேஜ் கிரவுண்டுக்கும் போய் கோல்போஸ்ட்டுக்கு முன்னாடி நின்னு குனிஞ்சு பாருங்க.

ஓட்டம் ஏன் அதிகம் தேய்க்குது?

கேமில் ஓட்டத்துக்கு அதிக தண்டனை வைத்தது சும்மா இல்லை. ஒரு சின்ன கணக்கு போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எடை சுமார் 590 நியூட்டன். ஷூவின் அடிப்பகுதி தரையைத் தொடும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் சுமார் 39 கிலோபாஸ்கல். அதே ஆள் ஓடும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு வரை போகும். முன்பாதம் மட்டும் ஊன்றுவதால் பரப்பு பாதியாகிவிடும். விசை ரெண்டரை மடங்கு, பரப்பு பாதி: அழுத்தம் ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட 200 கிலோபாஸ்கல். இது சாதாரண கார் டயரில் அடிக்கும் காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில் வரும் எண். கார் தன் எடையை டயர் மூலம் தரைக்குக் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். ஆக, ஓடுற ஒரு ஆள் அந்தக் கணத்தில் தரைக்கு ஒரு கார் மாதிரி.

இதில் சறுக்கலைச் சேர்க்கவில்லை. பிரேக் போட்டுத் திரும்பும்போது பாதம் தரையைக் கிடைமட்டமாக இழுக்கிறது. அந்த இழுப்புதான் புல்லை வேரோடு பிய்க்கிறது. நேராக ஓடும் விங்கர் பாதையை விட, கோல்கீப்பர் அப்படியும் இப்படியும் தாவுற இடம் முதலில் மொட்டையாவது இதனால்தான்.

புல்லுக்கு ஒரு வரம் இருக்கு. மற்ற செடிகள் நுனியில் வளரும். நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும். புல் அடியிலிருந்து வளரும். இலையின் அடிப்பாகத்தில், மண்ணை ஒட்டி இருக்கும் வளர்திசுவிலிருந்து இலை மேலே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாடு மேய்ந்தாலும் மெஷின் வெட்டினாலும் புல் சாகாது. நுனி போனா என்ன, தொழிற்சாலை கீழே இருக்கே! ஆனால் மிதிப்பது வெட்டுவது மாதிரி இல்லை. மிதி அந்தத் தொழிற்சாலையையே நசுக்குகிறது.

இலை நசுங்குவது கண்ணுக்குத் தெரியும் பாதி. இன்னொரு பாதி மண்ணுக்குள் நடக்கிறது. நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதி அளவு வெற்றிடம். அதில் காற்றும் நீரும் பங்கு போட்டுக்கொள்ளும். மிதிக்க மிதிக்க முதலில் மூடிக்கொள்வது பெரிய துளைகள், அதாவது காற்று போகும், தண்ணீர் வடியும் துளைகள். அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், வேருக்கு மூச்சு முட்டும், புது வேர் இறங்க முயன்றால் மண் விடாது.

சிவில் நண்பர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். சாயில் லேபில் நாம் செய்யும் பிராக்டர் டெஸ்ட்தானே இது! ரால்ஃப் பிராக்டர் 1933-இல் எழுதியது. நம்ம இந்தியத் தரநிலைப்படி 2.6 கிலோ சுத்தி, 310 மில்லிமீட்டர் உயரம், மூணு அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. அந்த டெஸ்ட்டின் சாரம் என்ன? காய்ந்த மண்ணை எவ்வளவு அடித்தாலும் ஓரளவுக்கு மேல் இறுகாது. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க மண் துகள்கள் வழுக்கி நெருங்கி உட்காரும். ஒரு குறிப்பிட்ட ஈரத்தில் அடர்த்தி உச்சத்துக்குப் போகும். அதுக்கு மேலே தண்ணீர் போனால் அடர்த்தி குறைந்து சேறாகும்.

இப்போ இதை நம்ம சென்னை காலண்டரில் வைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கொட்டுற மழையில் யாரும் கிரவுண்டுக்குப் போறதில்லை. மழை விட்டு ஒரு நாள், ரெண்டு நாள். தண்ணீர் வடிந்திருக்கும், வெயில் லேசா அடிக்கும், ‘மச்சி, கிரவுண்டு காஞ்சிருச்சு, வா’ன்னு வாட்ஸ்அப் வரும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், ரெண்டு இன்ச் கீழே பிராக்டர் சொன்ன அந்த உச்ச ஈரம். ரோடு போடுறவன் ரோலரை ஓட்டக் காத்திருக்கும் நேரத்தில் நாம் 22 பேர் ஸ்டட் போட்ட ஷூவோடு இறங்குகிறோம். ஏப்ரல் வெயிலில் ஒரு வாரம் ஆடுவதை விட இந்த ஒரு மாலை அதிக சேதம் செய்யும். மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். உதிர்ந்தால் ஆடலாம்.

ஒரே வழியா, பல வழியா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பான பக்கம் போகிறார்கள். ‘எல்லாரும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் தேய்கிறது, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பரவி நடந்தால் தேயாது’ என்பது கேட்க நியாயமாக இருக்கும். கேமிலும் பலர் இப்படித்தான் தினமும் வழியை மாற்றி மாற்றி நடந்து பார்த்தார்கள்.

கணக்குப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, தர்க்கம் மட்டும் நிஜம். ஒரு துண்டுப் புல் நாளைக்கு 20 மிதி வரை தாங்கி, மறுநாளைக்குள் தேறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அதுக்கு மேலே போனால் தேறும் வேகத்தை விடத் தேயும் வேகம் அதிகம். சில வாரங்களில் செத்துவிடும். ஒரு புல்வெளியை நாளைக்கு 600 பேர் கடக்கிறார்கள். எல்லோரும் ஒரே தடத்தில் போனால் அந்தத் தடம் சாகும், மற்றதெல்லாம் பிழைக்கும். பத்துத் தடமாகப் பரவினால்? தடத்துக்கு 60 மிதி. பத்தும் சாகும்! முப்பது தடமாகச் சரிசமமாகப் பிரிந்தால்தான் எதுவும் சாகாது. ஆனால் மனுஷங்க என்ன லைன் போட்ட மாதிரியா நடக்குறாங்க? ஒருத்தர் போன தடத்தில்தான் அடுத்தவர் காலும் போகும். முப்பது தடம் பேப்பரில் மட்டும்தான்.

அதே புல்வெளியை நாளைக்கு 40 பேர் மட்டும் கடந்தால் கதை மாறும். மூணு நாலு வழியில் பிரிந்து போனாலே போதும்.

நிஜத்தில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசம். மிதிக்கும் சேதத்துக்கும் மிதித்த எண்ணிக்கைக்கும் உள்ள கோடு நேர்க்கோடு இல்லை. முதல் சில நூறு மிதியிலேயே சேதத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். அதுக்கு மேலே ஆயிரம் பேர் நடந்தாலும் செத்த தடம் புதிதாகச் சாகப் போவதில்லை. மலையேற்றப் பாதைகளை ஆராய்பவர்கள் இதை நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் தரும் அறிவுரையும் இதுதான்: ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் ஏற்கெனவே உள்ள தடத்திலேயே போ, யாரும் போகாத இடத்தில் பிரிந்து போ. ஏற்கெனவே மொட்டையான பாதையில் நீங்கள் எடுத்து வைக்கும் அடி கிட்டத்தட்ட இலவசம். பக்கத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் வைக்கும் முதல் அடிதான் விலை உயர்ந்தது.

மழைக்காலத்தில் பாதையில் சேறு இருக்குன்னு ஓரமாக, புல் மேலே ஏறிப் போறோம் இல்லையா? அப்படித்தான் ரெண்டடிப் பாதை ஆறடியாகிறது.

ஒற்றையடிப் பாதைக்கு மரியாதை

கட்டடத்துக்குக் கட்டடம் போக நடைபாதை ‘ட’ மாதிரி வளைந்து போகும். ஒரு பக்கம் 40 மீட்டர், இன்னொரு பக்கம் 30 மீட்டர். குறுக்கே போனால் 50 மீட்டர். பித்தாகரஸ் காப்பாற்றுவது 20 மீட்டர். சாதாரண நடையில் சுமார் 14 விநாடி. இந்த 14 விநாடிக்காக ஒரு பெரிய புல்வெளி ரெண்டாகக் கிழிகிறது. ‘சோம்பேறிகள்’ என்று திட்டலாம். 8.30 கிளாஸுக்கு 8.29-க்கு ஓடுகிறவனிடம் 14 விநாடியைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

இப்படி உருவாகும் தடத்துக்குத் தமிழில் அழகான பேர் இருக்கு: ஒற்றையடிப் பாதை. யாரும் டெண்டர் விடவில்லை, யாரும் சர்வே பண்ணவில்லை. கால்களே போட்ட வரைபடம். (1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய ஒரு கல்லூரி இருக்கும் கிண்டியில் இதைச் சொல்வதில் ஒரு குறும்பு இருக்குன்னு எனக்கும் தெரியும்.)

‘புல்லில் நடக்காதீர்’ போர்டு ஏன் தோற்கிறது என்றால், அது கேள்வி கேட்பதில்லை. தடம் கேள்வி கேட்கிறது: ‘இத்தனை பேர் இங்கே போகணும்னா ஏன் இங்கே பாதை இல்லை?’ அந்த இடத்தில் நல்ல வழி, தடம் இருக்கும் இடத்திலேயே அகலம் குறைவாகக் கல் பதித்துவிடுவது. ஒரு பட்டைப் புல்லைக் கொடுத்து மீதியைக் காப்பது. முடியாது, அந்த இடம் பச்சையாகத்தான் இருக்கணும்னா, போர்டுக்குப் பதில் தடத்தின் ரெண்டு முனையிலும் செடி வையுங்கள். ‘சிட்டி ஃபோக்’ ஆட்டக்காரர்கள் பூச்செடியை வைத்துச் செய்த அதே வேலை. இடுப்பளவு இட்லிப் பூ புதர் ஒன்று பத்து போர்டுக்குச் சமம். நடுவில் வைத்தால் பயன் இல்லை. நடுவில் வைத்தால் சுற்றிக்கொண்டு ரெண்டு தடம் போடுவார்கள். முடிவை எடுக்கும் இடம் முனைதான்.

பைக் நிறுத்தும் இடங்களுக்கு நடுவில் ஓட்டை உள்ள கான்கிரீட் கற்கள் இருக்கின்றன. எடையைக் கல் வாங்கிக்கொள்ளும், புல் ஓட்டைக்குள் முளைக்கும். வண்டி நாள் முழுக்க நின்று நிழல் விழுந்தால் அந்தப் புல்லும் வெளுத்துப் போகும். அதனால் வந்து போகும் வண்டிகளுக்குத்தான் அது சரி.

தேய்ந்ததை எப்படித் தேற்றுவது

விளையாடும் இடத்தில் செடி வைக்க முடியாது, கல்லும் பதிக்க முடியாது. அங்கே ஒரே வழி இடம் மாற்றுவது. சேப்பாக்கம் மாதிரி ஸ்டேடியத்தில் நடுவில் ஒரே ஒரு பிட்ச் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் பல பிட்ச்கள் உண்டு. ஒன்றில் ஆடும்போது மற்றது ஓய்வெடுக்கும். விம்பிள்டனில் ரெண்டு வாரம் முடியும்போது டிவியில் பாருங்கள், பேஸ்லைன் முழுக்க வைக்கோல் நிறம். சர்வ் போட்டுவிட்டு வலையை நோக்கி ஓடும் ஆட்டம் இருந்த காலத்தில் நடுவிலும் தேய்ந்தது. ஆட்டக்காரர்கள் பின்னாலேயே நின்று ஆட ஆரம்பித்ததும் தேய்மானமும் பின்னால் போய்விட்டது. அங்கே 2001-இல் புல்லையே மாற்றி, முழுக்க முழுக்க ரை புல்லுக்குப் போனார்கள், காரணம் தேய்மானத்தைத் தாங்கும் சக்தி.

நமக்கு இவ்வளவு தேவையில்லை. சாயங்கால ஃபுட்பாலுக்கு எப்படியும் கல்லும் பையும்தான் கோல்போஸ்ட். அதை வாரத்துக்கு ஒரு தடவை பத்தடி தள்ளி வைக்கலாம். ஒரு மாசம் நீளவாக்கில் ஆடினால் அடுத்த மாசம் அகலவாக்கில் ஆடலாம். காசு செலவே இல்லை. ஃபெஸ்ட்டுக்கு மேடை போடும்போதும் இதே விதி: லாரி உள்ளே வர ஒரே தடம், அதில் பலகை போட்டு, வர்றதும் போறதும் அதிலேயே. மேட்டை வேலை முடிந்த அன்றைக்கே சுருட்டிவிடணும். வெயிலில் மூடிக்கிடக்கும் புல் மூன்றே நாளில் மஞ்சளாகிவிடும்.

சென்னைக்கு ஏற்ற புல் எது என்று நர்சரியில் கேட்டால், கம்பளம் மாதிரி சுருட்டி வைத்திருக்கும் கொரியன் புல்லைக் காட்டுவார்கள். பார்க்க அழகு, அடர்த்தி, மிதியையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஒரு தடவை ஓட்டை விழுந்தால் மூடிக்கொள்ள மாசக் கணக்கில் எடுக்கும். மிதிபடும் இடத்துக்குப் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லே மேல். அது மண்ணுக்கு மேலே ஒரு கொடி ஓட்டும், மண்ணுக்கு அடியிலும் ஒரு கொடி ஓட்டும். மேலே இருப்பது மொத்தமும் தேய்ந்து போனாலும் அடியில் இருக்கும் கொடி கணுவுக்குக் கணு முளைத்து வரும். ‘ஸ்டார்டூ வேலி’ ஆடுகிறவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும்: மாடு எல்லாப் புல்லையும் தின்றுவிடாமல் இருக்க, ஒரு கட்டம் புல் மேல் வேலிக் கம்பம் ஒன்றை நட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்தை மாடு தொட முடியாது, அதிலிருந்து புல் பரவிக்கொண்டே இருக்கும். அருகம்புல் அந்தக் கம்பத்தைத் தானே மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது.

அருகுக்கு ஒரே பலவீனம் நிழல். தூங்குமூஞ்சி மரத்தடியில் அது நிற்காது. அங்கே எத்தனை தடவை புல் போட்டாலும் காசு வீண். சருகு விழ விட்டுவிட்டு பெஞ்ச் போடுவது உத்தமம்.

இறுகிய மண்ணுக்கு விதை தூவுவதோ தண்ணீர் ஊற்றுவதோ மருந்து இல்லை. முதலில் துளை போடணும். கடப்பாரையால் அரையடிக்கு ஒரு குத்து, நாலு இன்ச் ஆழத்துக்கு. அதில் மணல் கலந்த மட்கு. ஈரம் இருக்கணும், சேறு இருக்கக் கூடாது. அப்புறம் கயிறு கட்டி ஆறு வாரம் யாரையும் விடாமல் இருக்கணும். இந்த ஆறு வாரம்தான் கஷ்டமே. செமஸ்டர் லீவில் செய்தால் தானாகவே நடக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு நேரம் காலை எப்படித் தடுப்பது என்றே பேசினோம். சர்தார் படேல் சாலையைத் தாண்டினால் நேர் எதிரான ஒரு சிக்கல் இருக்கு. கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் தேசியப் பூங்கா ஆனது, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆளுநர் மாளிகையை ஒட்டிய அந்தக் காட்டில், போலோ மைதானம் என்று அழைக்கப்படும் திறந்த புல்வெளி ஒன்று உண்டு. வெளிமான்கள் நம்பியிருப்பது அந்த மாதிரி இடத்தைத்தான். இன்னொரு பேர் புல்வாய். பேரிலேயே வெளியும் இருக்கு, புல்லும் இருக்கு. புள்ளிமான் மரத்தடியிலும் பிழைத்துக்கொள்ளும்; இதுக்குத் திறந்தவெளி வேணும். ஆபத்து வந்தால் ஒளிவதில்லை, தூரத்திலேயே பார்த்து ஓடுவதுதான் இதன் வழக்கம்.

அந்தப் புல் குறைவதற்குக் காரணம் மிதி இல்லை. மானின் குளம்பு சின்னது, அழுத்தம் நம்மை விட அதிகமாகவே இருக்கும். ஆனால் அது கோல்போஸ்ட் மாதிரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மேய்ந்துகொண்டே நகர்ந்துவிடும், நகர்ந்த இடம் தேறிவிடும். அங்கே புல்லை விழுங்குவது மரமும் புதரும். நல்ல எண்ணத்தில் நட்ட கன்றுகளும் சரி, தானாகப் பரவிய சீமைக் கருவேலமும் சரி, ஒரு தடவை தலைக்கு மேலே வளர்ந்து நிழல் போட்டுவிட்டால் கீழே புல் கிடையாது. 1959-இல் ஐஐடி அமைந்ததும் இதே கிண்டிக் காட்டிலிருந்து பிரித்த நிலத்தில்தான். அங்கேயும் கொஞ்சம் வெளிமான்கள் திறந்த திடல்களைத் தேடித்தான் நிற்கின்றன.

‘மரம் நடுவோம்’ என்று கிளப்பில் யாராவது சொன்னால் கை தூக்குவதற்கு முன்னால் எங்கே என்று ஒரு தடவை கேளுங்கள். போலோ மைதானம் மாதிரி இடத்துக்கு வேண்டியது, புல்லுக்கு நடுவே தலைதூக்கும் கருவேலங்கன்றை முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு எடுக்கும் ஆட்கள்தான்.